பத்துக் கூறும் ஒரு தராசும்

12.02.1964
நோன்பு இருபத்தெட்டு. துறைமுகத்துக் கிட்டங்கியில் இன்று எண்ணூறு மா மூட்டை நிறுத்தேன். நிறுப்பதுதான் பதினாறு வருடமாக என் உத்தியோகம். கிண்ணியாவுக்கு வள்ளத்தில் திரும்பும்போது ஒரு யோசனை வந்தது.

பெருநாளைக்கு எங்கள் ஒழுங்கையில் பத்து வீடும் சேர்ந்து ஒரு மாடு வாங்குவது வழக்கம். இறைச்சியைக் கண்மதிப்பில் பத்துக் கூறாகக் குவிப்பார்கள். ஒழுங்கையில் மூத்தவரான அலியார் அப்பா கூறுகளுக்கு முதுகைக் காட்டி நிற்பார். ஒருவர் ஒரு கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பார். அப்பா திரும்பாமலே ஒரு பெயர் சொல்வார். அவ்வளவுதான் தீர்ப்பு! ஒரு கூறு மேடு, மற்றக் கூறு பள்ளம். இதைச் சந்தோசமாகத் தூக்கிக்கொண்டு போகிற சனங்களை என்ன சொல்ல?

13.02
சரீப் மச்சானிடம் என் யோசனையைச் சொன்னேன். என் மனைவி அசனாவின் கூடப்பிறந்த காக்கா. அவருடைய மகனுக்குத்தான் எங்கள் மகள் றஹ்மாவைப் பேசியிருக்கிறது. பெருநாள் கழிந்து திகதி வைப்பதாகக் கதை. றஹ்மாவுக்குக் கட்டும் வீட்டுக்கு ஓடும் போட்டாயிற்று. மச்சான் தலையாட்டினார். இந்த வருடம் தராசுதான்.

14.02
நிறுத்தேன். பத்துக் கூறில் ஒவ்வொன்றும் பதினைந்தேகால் இறாத்தல், அவுன்ஸ் பிசகில்லை. அலியார் அப்பாவுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஓரமாகக் குந்தியிருந்து பார்த்தார். நானே பெயர் சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். மாலை போடுவார்கள் என்று நினைத்தேன்.

ஒவ்வொருவரும் அடுத்தவருடைய கூறையே பார்த்தார்கள். மச்சானுடையதில் கழுத்து இருந்தது. என்னுடையதில் தொடை. நான் கடைசியாகத்தான் எடுத்தேன், மிஞ்சியது தொடை — அதுக்கு நான் என்ன செய்ய?

"எனக்குக் கழுத்தைக் குடுப்பமெண்டு உங்களுக்கு எப்பத் தோணினது?" என்று மச்சான் மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

15.02
பெருநாள். மச்சான் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்களுக்கென்று செய்த வட்டிலப்பம் முழுவதையும் நானே தின்றேன். துக்கத்தில்தான்.

03.03
திகதிக் கதையே இல்லை. றஹ்மா புது வீட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். அதுதான் பெரிய ஆக்கினை. அசனா குசினியிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தரம் ஒரே கேள்வி: "நிறுக்கிறதைக் கிட்டங்கியோட வச்சிருக்கேலாதா?"

09.03
பிழை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். எலும்பும் ஈரலும் ஒரே மதிப்பா? இல்லையே. ஆகவே புதுக் கணக்கு: ஓர் இறாத்தல் ஈரலுக்கு இரண்டு இறாத்தல் எலும்பு. ஆனால் அசனா ஈரல் என்றால் உயிரை விடுவாள், நான் தொடவும் மாட்டேன். அப்படியென்றால் யாருடைய நாக்கை வைத்து மதிப்புப் போடுவது? நாலு கடதாசி கிழித்தேன். குடலுக்கு வந்த இடத்தில் படுத்துவிட்டேன்.

17.03
கிட்டங்கியில் என்னோடு வேலை செய்யும் கனகரத்தினத்திடம் எல்லாவற்றையும் சொல்லி அழாத குறை. மனுசன் இறைச்சி தொடாத மரக்கறிக்காரர், பக்கச்சார்பு இருக்காது என்று நம்பினேன். மூட்டையில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அலியார் அப்பா குடுத்த கழுத்து அல்லா குடுத்தது, லாபிர். நீர் குடுத்த கழுத்து நீர் குடுத்தது."

வள்ளத்தில் வரும் வழியெல்லாம் அவரோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். தோற்றுத்தான் கரை இறங்கினேன்.

20.04
ஹஜ்ஜுப் பெருநாள் மாடு வந்துவிட்டது. அதே பத்து வீடு. அலியார் அப்பாவிடம் போய்ப் பழையபடி முதுகைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். முதுகு காட்டி நிற்பதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது என்றார். ஒழுங்கையே கேட்க மூன்று தரம் கெஞ்சவைத்துத்தான் ஓம் என்றார்.

22.04
ஏழாவது கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்றார்கள். அப்பா, "லாபிர்" என்றார்.

கழுத்து. நாலு கால் எலும்பு. விலா. இடையில் இறைச்சியைத் தேட வேண்டும்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு மச்சான் சிரித்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு! சாரனைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். ஒழுங்கை முழுக்கச் சிரிப்பு. அவருக்குத் தொடை விழுந்தது என்று தனியாக எழுதவும் வேணுமா?

அப்பா களவாகத் திரும்பிப் பார்த்தாரா? இல்லை. நான் அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றனான். ஆனாலும் நெஞ்சு எரியுது.

23.04
பெருநாள். தொழுகை முடிந்து பள்ளி வாசலில் என் எலும்புக் கதையை மச்சான் கண்டவருக்கெல்லாம் சொன்னார். பிறகு குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தார். "பாவம் மச்சான் நீங்க" என்று என் தோளைத் தட்டினார். அடுத்த பிறைக்கு முன்னம் கலியாணம், மே பத்து, ஞாயிற்றுக்கிழமை என்று அவரே சொன்னார். றஹ்மா உள்ளே ஓடினாள்.

அசனா அந்த எலும்பையெல்லாம் போட்டு சூப் வைத்திருந்தாள். மச்சான் மூன்று கோப்பை குடித்தார். தொடை அவர் வீட்டில் கிடக்க, என் எலும்பையும் உறிஞ்சிவிட்டுப் போகிறாரே, இது எந்த ஊர் நியாயம்?

வாயைத் திறந்தேன். அசனா என் காலை மிதித்தாள். நாலாவது கோப்பையை நானே ஊற்றிக் கொடுத்தேன்.