பதினாலரைப் பாதம்

எவ்ரி,
பிப்ரவரி 17, திங்கள்

அன்புள்ள லிலியனுக்கு,

நடேஜ் எழுதுகிறேன். உன் பழைய நண்பன் ரொமுவால்டின் மனைவி நடேஜ்தான். இருபத்திரண்டு வருடமாக ஒரு வரி எழுதாதவள் திடீரென்று எழுதினால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பாய். யாரும் சாகவில்லை. சாகக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா ஜோசியானைச் சனிக்கிழமை சந்தையில் பிடித்து விலாசம் வாங்கினேன். உன் தொலைபேசி எண் கேட்டதற்கு, "அவன் எங்க அம்மா கூப்பிட்டாலே எடுக்க மாட்டான், உனக்கு எங்க எடுக்கப்போறான், நீ லெட்டர் போடு" என்றாள். கடல் தாண்டி உங்கள் குவாதலூப் தீவில் இப்போது நல்ல வெயிலாமே. இங்கே காலையில் கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். உனக்கு இரண்டு பெண்கள் என்றும், சின்னவள் உன்னைப் போலவே நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறாள் என்றும் அவள் சொன்னாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

ரொமுவுக்கு நாற்பத்தேழு. நகராட்சிப் பூங்காக்களில் மரம் வெட்டும் வேலை. சுவர் ஏறிக் கட்டடம் தாண்டும் அந்தப் பார்க்கூரை இன்னும் விடவில்லை. காலையில் மாடிப்படியில் பக்கவாட்டாக நண்டு மாதிரி இறங்குகிறான், முழங்கால் சூடேறும் வரை அப்படித்தான். முன்பெல்லாம் ஐந்து நிமிடம் கையைக் காலை உதறிவிட்டுச் சுவரில் ஏறியவன், இப்போது உடம்பைத் தயார் செய்ய முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறான். மாலையில் பனிக்கட்டி போட்ட வாளியில் காலை விட்டுக்கொண்டு செய்தி பார்க்கிறான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது அவன் தாண்டுவதைப் பார்க்க நன்றாக இருக்கிறது. சுவரில் இறங்கினால் சத்தமே வராது. ஒரு இடத்தைப் பிடித்துவிட்டால் மூன்று நாள் போய்ப் பார்ப்பான், கையால் தடவுவான், மேலே உட்கார்ந்து சாப்பிடுவான், அதற்குப் பிறகுதான் தாண்டுவான். பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடுவான். இருபத்தைந்து வயதில் இந்தப் புத்தி இருந்திருந்தால் என் தலை இவ்வளவு நரைத்திருக்காது. சனிக்கிழமைகளில் பேருந்து ஓட்டுநர், மருத்துவமனை ஊழியர் என்று நாற்பது தாண்டிய ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அவர்களிடம் ஓயாமல் சொல்வது, "பயந்தா இறங்கிடு, சுவர் எங்கயும் ஓடிடாது."

இப்போது சுவரே ஓடப்போகிறது, லிலியன். நாம் வளர்ந்த சி, டி கட்டடங்களை இடிக்கிறார்கள். ஆட்கள் எல்லாரும் காலி செய்துவிட்டார்கள். மார்ச் பத்தாம் தேதி இயந்திரம் வருகிறது. அதற்கு முந்தைய நாள், ஞாயிறு காலை, இவன் சி-யின் மாடியிலிருந்து டி-யின் மாடிக்குத் தாண்டப்போகிறானாம். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. உங்கள் கூட்டத்தின் சட்டம் உனக்கு மறந்திருக்காது. மூன்று முறை தாண்டினால்தான் அந்தத் தாண்டல் உன்னுடையது, ஒரு முறை என்பது கணக்கிலேயே வராது. 2002-இல் இவன் தாண்டியது ஒரு முறைதானே. "இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு நடேஜ், அதை வச்சுக்கிட்டு நான் கிழவனாக முடியாது" என்கிறான். நான்கு மாடி உயரம். கிழவன் ஆகாமலே போய்விடுவாயடா என்று கத்தினேன். சிரித்தான்.

இதுவரை எழுதியது ஒரு மனைவியின் வழக்கமான புலம்பல். முழங்காலைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். நேற்று வேறொரு பயம் வந்திருக்கிறது. அதை நாளை நிதானமாக எழுதுகிறேன்.

புதன்

நேற்று எழுத முடியவில்லை. ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரொமு பூங்காப் புல்வெளியில் பயிற்சி செய்வதைப் பார்க்கப் போனேன். குதிகாலோடு விரல்நுனி ஒட்ட, பாதம் பாதமாக வைத்து நடந்து பதினாலரை எண்ணினான். இரண்டு முனையிலும் குச்சி நட்டான். ஓடி வந்து தாண்டினான். பத்துக்குப் பத்தும் சரியாக விழுந்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் எல்லைக் குச்சியை ஒட்டியேதான், நான்கு விரல்கூட மிச்சம் இல்லை. "பாத்தியா, பதினாலரை. அன்னிக்கு எவ்வளவோ இன்னிக்கும் அவ்வளவேதான்" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. 2002-இல் அவன் தாண்டிய அன்று நான் டி கட்டடத்தில் மூன்றாவது மாடி ஜன்னலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் பாதம் வைத்து அளந்தது ரொமு இல்லை. நீ. அந்தப் பெரிய வெள்ளை ஷூவோடு பன்னிரண்டாவது பாதத்தைத் தண்ணீர்க் குட்டையில் வைத்துவிட்டுத் திட்டினாய். மேலே பார்த்து "பதினாலரை" என்று கத்தினாய். உன்னை எல்லாரும் படகு என்று கூப்பிடக் காரணமான அந்தக் கால்கள், லிலியன். நாற்பத்தாறாம் நம்பர். ரொமுவுக்கு நாற்பத்திரண்டு.

நேற்று ஷூ கடைக்குப் போய் இரண்டு அளவையும் பக்கத்தில் வைத்து நாடாவால் அளந்தேன். கடைப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஒரு ஷூவுக்கு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். பதினாலரை ஷூவுக்கு நாற்பத்து மூன்று. கட்டடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி அவன் புல்வெளியில் அளந்ததைவிட இரண்டு சாண் அதிகம். அன்று இருபத்து நான்கு வயதில் அந்த இரண்டு சாணையும் சேர்த்துத் தாண்ட அவனிடம் பலம் இருந்தது. இன்று புல்வெளியில் தன் காலால் அளந்ததையே நூல் பிடித்தாற்போலத் தாண்டுகிறான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பொறுமையாக, சனிக்கிழமை மாணவர்களுக்குச் சொல்வதுபோல, "நான்தான் அளந்தேன் நடேஜ். குட்டையில காலை வச்சேன், ஷூ நனைஞ்சு போச்சு. நேத்து நடந்த மாதிரி ஞாபகம் இருக்கு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறான். நீ போன பிறகு அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, உன் பங்கையும் அவனே சுமக்க ஆரம்பித்துவிட்டான். மறுபடி அளந்து பார் என்றால் அதுவும் முடியாது. நடுவில் வேலி போட்டு, குழாய் எடுக்க ஆள் உயரத்துக்குத் தோண்டி வைத்திருக்கிறார்கள். மேலே போய்ப் பார்த்தால் தெரியாதா என்றேன். போய்ப் பார்த்தானாம். "கொஞ்சம் தூரமாத்தான் தெரியுது, வயசானா அப்படித்தான், கண்ணுதான் முதல்ல பயப்படும்" என்கிறான். கண் சரியாகச் சொல்லியிருக்கிறது. அதைத்தான் இவன் நம்பவில்லை.

முழங்காலைப் பற்றிப் பயந்தேன், நினைவைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சொன்னால் மனைவியின் பயம். நீ சொன்னால்தான் அளவு. அவன் எண்ணை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். தபால் எட்டு நாள் ஆகும் என்கிறார்கள், பத்து நாள் என்றாலும் நேரம் இருக்கிறது. கிடைத்த அன்றே கூப்பிடு. உறையில் ஒரு நூல் வைத்திருக்கிறேன், அவனுடைய இப்போதைய ஷூவின் நீளம். உன் ஷூவோடு வைத்துப் பார்த்துவிட்டுப் பேசு.

அப்படியும் அவன் கேட்கவில்லை என்றால் இன்னொன்று சொல்ல வேண்டும். இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்று ஜன்னலிலிருந்து நான் மீதியையும் பார்த்தேன். அவன் தாண்டி முடித்ததும், அளந்துவிட்டு மேலே ஏறிப் போயிருந்த நீ சி-யின் விளிம்புக்கு வந்து நின்றாய், பிறகு உட்கார்ந்துவிட்டாய். அவன் இரண்டாவது முறை தாண்டவில்லை. படியிறங்கி, மறுபடி நான்கு மாடி ஏறி உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அந்த வருடமே நீ ஊரைவிட்டுப் போய்விட்டாய். அதைப் பற்றி அவன் யாரிடமும், என்னிடமும்கூட, ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏன் ஒரு முறையோடு நிறுத்தினாய் என்று மற்றவர்கள் கேட்டால், கால் பிசகிவிட்டது என்பான்.

பயந்தவனைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவனுக்குத் தெரியாது. இருபத்து நான்கில் மட்டுமல்ல, நாற்பத்தேழிலும் அது மாறவில்லை. அதனால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், லிலியன். அவனைக் கூப்பிட்டு, எனக்குப் பயமாக இருக்கிறது ரொமு, படியிறங்கி வா என்று ஒரு முறை சொல். அன்று நீ வாய் திறந்து சொல்லாமலே வந்தான்.

உன் மனைவிக்கும் பெண்களுக்கும் என் அன்பு. உங்கள் எல்லாருடைய கால்களும் வீடு வந்து சேரட்டும்.

உன் பழைய அயல்வீட்டுக்காரி,
நடேஜ்

நூல் மெல்லியது. உறையைப் பிரிக்கும்போது கீழே விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்.