சாட்சி சொல்ல மாட்டேன் என்றாள் ஜெனி

என் அன்புள்ள ஜெனியின் நைனாவுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பதறிய கதையை அப்புறம் நிம்மதியாகக் கேளுங்கள். உங்கள் பெண் ஆபரேஷனுக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், தன் வாயால்.

நீங்கள் கர்த்தரிடம் போனபோது அவளுக்குக் கால் வீக்கம்கூட வந்திருக்கவில்லை. இப்போது பதினாறு வயது, இரண்டு கிட்னியும் வேலை செய்வதில்லை. டயாலிசிஸுக்காகச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் பஸ்ஸில் அலைகிறோம். மாம்பழம் கூடாது, தண்ணீர்கூட அளந்துதான். சீசனில் நீங்கள் வேலை பார்த்த மாம்பழக்கூழ் ஃபேக்டரி வாசனை வந்தாலே ஜன்னலைச் சாத்திவிடுவாள். நான் பார்க்காதது போல இருப்பேன்.

என் கிட்னி அவளுக்குப் பொருந்தும் என்று டாக்டர்கள் சொன்ன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் உடம்பைப் பார்த்தால் போதாதாம், மனசையும் பார்க்க வேண்டுமாம். அதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு கவுன்சிலர் மேடம் இருக்கிறார். பயப்படுகிறாளா, மாத்திரையை விடாமல் போடுவாளா, வீட்டில் யார் துணை, உண்மையிலேயே அவளுக்கு விருப்பமா என்றெல்லாம் கேட்பார்.

இதைக் கேள்விப்பட்டதும் உங்கள் அக்கா களத்தில் இறங்கிவிட்டார். சண்டே ஸ்கூல் வசனப் போட்டிக்குத் தயார் செய்வதுபோல ஜெனியை உட்கார வைத்து ஒவ்வொரு பதிலாக மனப்பாடம் செய்ய வைத்தார். "தப்பா சொன்னா ஃபெயில் பண்ணிடுவாங்கடி" என்று மிரட்டல் வேறு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

மேடம் கேட்டது தெலுங்கில். உங்கள் பெண் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தமிழில் கடகடவென்று ஒப்பித்தாள். "எனக்குப் பயமே இல்லை, சந்தோஷமாக இருக்கிறேன்" என்று முடித்தவள், பழக்க தோஷத்தில் ஏதோ ஒரு அதிகாரத்தையும் வசன எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்! மேடம் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் வாங்கம்மா, நான் பாப்பாகிட்ட தனியா பேசணும்" என்று தமிழிலேயே சொன்னார்.

திரும்பும்போது பஸ் புத்தலப்பட்டு ஊரைத் தாண்டியது. அப்புறம் கேட்டேன், "உனக்கு இஷ்டம்தானே?"

"தெரியல" என்றாள்.

அவளுக்கு விருப்பமில்லாமல் செய்ய மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? அந்த வாரம் முழுக்க உங்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், என்னைத் தனியாக விட்டுப் போனதற்கு.

அடுத்த வாரம் மேடம் அவளிடம் வெகுநேரம் பேசினார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, "அம்மாகிட்ட நீயே சொல்றியா?" என்று அவளைக் கேட்டார்.

"ஆபரேஷன் வேணும்மா" என்றாள் ஜெனி, என் முகத்தைப் பார்க்காமல். "சாட்சி சொல்றதுதான் வேணாம்."

"இன்னாடி சாட்சி?"

"ஆபரேஷன் முடிஞ்சதும் நான் சாட்சி சொல்லுவேன்னு அத்தை பாஸ்டர்கிட்ட சொல்லிட்டாங்க. சர்ச்சுல மைக்கைப் புட்சிக்கினு, எங்கம்மா எனக்கு கிட்னி குடுத்தாங்கன்னு சொல்லணுமாம். இப்பவே ஞாயித்துக்கிழமைன்னா என் பேரைச் சொல்லி அழுதுக்கினு கீறாங்க. அப்புறம் ஆயுசுக்கும் நான் அம்மா கிட்னி வாங்கின பொண்ணு. மாத்திரை மறந்தா அம்மா கிட்னி, மார்க்கு கொறஞ்சா அம்மா கிட்னி. இன்னாத்துக்கும்மா அது?"

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சபையில் ஜெப விண்ணப்பங்களை நீங்கள்தான் வாசிப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் சின்ன ஜெனி கேட்பாள், "நைனா, அந்த அக்காவுக்கு வயித்து வலின்னு எல்லாருக்கும் இன்னாத்துக்கு சொன்ன?" நீங்கள் சிரித்து மழுப்புவீர்கள். அன்றைக்கே ஒரு பதில் சொல்லியிருக்கக் கூடாதா?

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "சாட்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம். பாஸ்டர்கிட்ட நான் பேசறேன்டி" என்றேன்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க விரும்பித்தான் தர்றீங்களா?"

"பெத்தவகிட்ட கேக்கற கேள்வியா மேடம் இது?"

"பெத்தவங்ககிட்டதான் கட்டாயம் கேக்கணும்."

பயமாக இருக்கிறது, ஆனாலும் தர வேண்டும் என்று சொன்னேன். பயம் என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை என்றார் மேடம். இன்னும் சில தடவை பேசினார். போன வாரம் டாக்டர்களுக்குத் தன் சம்மதத்தைச் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போகிறார்கள்.

பாஸ்டர் இப்போது பேர் சொல்லாமல் ஜெபிக்கிறார். உங்கள் அக்கா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஜெனிக்கென்று உப்பில்லாமல் இட்லி அவித்துக்கொண்டு வந்து நின்றார்.

நேற்று ஃபேக்டரி வாசனை வந்தபோது ஜெனி ஜன்னலைச் சாத்தவில்லை. "ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு துண்டாவது துன்னலாமாம்மா?" என்று கேட்டாள்.

"டாக்டர் சொன்னா துன்னுடி. ஆனா என் கிட்..." என்று ஆரம்பித்தேன். அவள் முறைத்த முறைப்பில் மீதியை விழுங்கிவிட்டேன். அப்படியே உங்கள் முறைப்பு.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்காகவும் தைரியமாக இருப்பேன். அந்த வார்த்தையை இனி அவள் காதுபட எடுக்கவே மாட்டேன். உங்களிடம் மட்டும் கடைசியாக ஒரு தடவை ஆசை தீரச் சொல்லிக்கொள்கிறேன்: என் கிட்னி.

இனி அது அவளுடையது.

உங்கள் மனைவி,
ஜெனியின் அம்மா எஸ்தர்