‘பாய்’ என்று எழுதிய வண்டி

பாய்,

இன்று காலை நம் குட்டியானையின் டாஷ்போர்டைக் காலி செய்தேன். வண்டியை விலைக்குக் கேட்டுத் திண்டிவனத்திலிருந்து ஒருவர் வருகிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். எரிந்துபோன ஃபியூஸ்களுக்கும் பாக்குப் பொட்டலங்களுக்கும் அடியில் உன் தைல பாட்டில் கிடந்தது. மூடி சரியாகத் திருகாமல் பாதி வழிந்துபோய், திறந்ததுமே குப்பென்று மூக்கில் ஏறியது. நீ எதைத்தான் ஒழுங்காக மூடினாய்? கிரீஸ் டப்பா, டூல் பெட்டி, தண்ணீர் கேன், உன் வாய். எல்லாவற்றையும் பின்னால் வந்து மூடியது நான்தான். கண்ணில் தண்ணீர் வந்தது தைலத்தால் என்றே வைத்துக்கொள்.

இந்தத் தொழில் முழுக்க உன் யோசனை. சவுதியில், பாலைவன ரோட்டில் நின்றுபோன டிரெய்லர்களைத் தேடிப் போய்ப் பழுது பார்க்கிற வேலை உனக்கு. ஊருக்கு வந்த கையோடு, மரக்காணத்தில் டிராக்டர் பட்டறையில் நிம்மதியாக இருந்த என் முன்னால் வந்து நின்றாய். “டேய், ஈசிஆர்ல எத்தினி டிரெய்லர் போவுது பாரு. உப்பு லோடு ஏத்துறதுல பாதி வழியிலயே படுத்துடுது. அதுங்க எப்பிடி பட்டறைக்கு வரும்? பட்டறதான் அதுங்ககிட்ட போவணும்” என்றாய். எனக்குப் பட்டறையில் நிழல் இருந்தது, ஃபேன் இருந்தது. முடியாது என்றேன். நீ கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, நான் சரி என்று சொல்லும்வரை என் தலையைத் தின்றாய்.

வண்டியில் நம் இரண்டு பேர் பெயரும் வரும் என்றுதான் பேச்சு. பெயிண்டர் ‘பாய்’ என்பதைத் தமிழிலும் இந்தியிலும் அவ்வளவு பெரிதாகப் போட்டான். கீழே மொபைல் லாரி சர்வீஸ், அதற்குக் கீழே உன் போன் நம்பர். என் பெயர் டீசல் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் போய் ஒண்டிக்கொண்டது. கேட்டதற்கு நீ சிரித்தாய். “உன் பேர் போட்டா எவன் கூப்புடுவான்? வடக்கத்தி டிரைவருக்கு எல்லாருமே பாய்தான்டா. அவன் பாஷையில அண்ணன்னு அர்த்தம். பழகின வார்த்தையா இருந்தா தைரியமா போன் பண்ணுவான்.”

நீ சொன்னபடியே கூப்பிட்டார்கள். ஆனால் எந்த நேரத்தில்? வெள்ளிக்கிழமை நீ தொழுகைக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயிலுக்குப் பூசைக்குக் கிளம்பிய பிறகு. வெள்ளி எனக்கு, ஞாயிறு உனக்கு என்று பிரித்துக்கொண்டோம். உப்புக் காற்று டிரெய்லரின் ஏர் பைப்பை மட்டுமா தின்றது? நம் ஜாக்கியையும் கம்ப்ரெசரையும் சேர்த்துத்தான் தின்றது. வேலை முடிந்த வண்டிக்கெல்லாம் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பழைய ஆயில் தடவி அனுப்புவது உன் வழக்கம். அந்தத் தண்ணீர் கேன்களைத் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு போயிற்று. நம் வண்டியைக் கழுவத்தான் உனக்கு நேரமே கிடைக்கவில்லை. ஊர் லாரிகளைச் சரிசெய்யப் போன வண்டி நடுவழியில் நின்று, நானே இறங்கித் தள்ளிய கேவலத்தை யாரிடம் சொல்வது.

எல்லாவற்றையும்விட என்னை எரிச்சல்படுத்தியது உன் ஒரு வார்த்தை. யார் போன் செய்தாலும் “வந்துட்டேன்” என்பாய். கிளியனூரில் எவனோ பிரேக் ஜாமாகி நிற்பான், நீ வீட்டில் லுங்கியோடு சோற்றில் கை வைத்திருப்பாய். அப்போதும் வந்துட்டேன்தான். கடைசியில் போய்த் திட்டு வாங்குவது நான். தமிழே தெரியாத வடக்கத்தி டிரைவர்கள்கூட அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். “கெளம்பினப்புறம் கெளம்பிட்டேன்னு சொல்லு பாய். எதுக்கு இந்தப் பொய்?” என்று கேட்டேன். “லோடோட ரோட்ல ஒண்டியா நிக்குறான்டா. வர்றேன்னு சொன்னா, எப்ப வருவானோன்னு ரோட்டையே பாத்துனு நிப்பான். வந்துட்டேன்னு சொன்னா நிம்மதியா டீ குடிக்கப் போவான்” என்றாய்.

அன்றைக்கும் அதையேதான் சொன்னாய். உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு டிரெய்லரின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, நீ கொண்டுவர வேண்டிய சாமானுக்காகக் காத்திருந்தேன். “எங்க பாய் இருக்க?” “வந்துட்டேன்.” வெயில் ஏறிக்கொண்டே போனது. வந்தால் இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மறுபடி அடித்தேன். உன் மகள் எடுத்தாள். “அத்தா செருப்பு மாட்ட உக்காந்தாரு மாமா. எழுந்திருக்கவே இல்ல.”

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இன்னும் அதுதான் இருக்கிறது. இழுத்துவிட்டவன் நீ, போய்விட்டவனும் நீ.

நம்பர் வண்டியில் எழுதியிருக்கிறது என்று உன் போனை உன் மகள் என்னிடமே கொடுத்துவிட்டாள். அது அடிக்கும்போதெல்லாம் “பாய்” என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் பாய் இல்லை, பாய் இறந்துவிட்டார் என்பேன். நம் ஊர் டிரைவர்கள் எப்போது, எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். வடக்கத்திக்காரர்களிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் “பாய் நஹி, பாய் நஹி” என்றேன். அவர்களும் வைத்துவிட்டார்கள். வேலை குறைந்துகொண்டே போனது. போன வாரம் பிரியாணிக் கடையில் பரிமாறுகிற பீகார்க்காரரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டார். “அண்ணா, நீங்க ‘முடியாது அண்ணா, முடியாது அண்ணா’ன்னு சொல்லியிருக்கீங்க” என்றார். நீ இல்லை என்று நான் சொன்னதெல்லாம், நான் வரமாட்டேன் என்று அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்குத்தான் வெறுத்துப்போய் வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன்.

இன்று பாட்டில் கையில் இருக்கும்போதே உன் போன் அடித்தது. “பாய், காடி பந்த் ஹோ கயி. மரக்காணம். நமக் லோட்.” வண்டி நின்றுவிட்டது, உப்பு லோடு. அவ்வளவு புரிந்தது. அவன் குரலுக்குப் பின்னால் மற்ற லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. இங்கே கோயில் மணி அடித்தது. பூசைக்கென்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. நீ போக வேண்டிய முறை.

“பாய்? பாய்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

“வந்துட்டேன், பாய்” என்றேன்.

“அச்சா” என்று வைத்துவிட்டான். டீ குடிக்கப் போயிருப்பான். தைல பாட்டிலை இறுக்கி மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். திண்டிவனத்துக்காரர் வந்தால் வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லும்படி வீட்டுக்குள் குரல் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் என் செருப்பைத் தேடினேன்.