பிரேக்கில் வைத்த கால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைக்கிற சின்னதும் அங்கே குறையில்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நின்று காதைக் கொடுத்துவிடுகிறார், அதனால் அவர் மத்தியானம் கண்ணயரும்போது எழுதுகிறேன்.

பிரசவம் பார்க்க அங்கே எப்போது வருகிறாய் அம்மா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், நானும் கார் சரியாகட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். விஷயம் இதுதான். முன் சக்கரத்தில் பேரிங் போய்விட்டது, வண்டியை எடுத்தால் மாவு மிஷின் மாதிரி இரைகிறது. அதை மாற்ற அச்சின் நுனியிலிருக்கிற பெரிய நட்டைக் கழற்ற வேண்டும், அதுவோ துருவேறி உடும்புப்பிடியாக உட்கார்ந்துவிட்டது. என்னைத் தன் காரில்தான் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவாராம், கண்டவன் வண்டியில் ஏற்றமாட்டாராம், அப்பா ஒரே பிடிவாதம். தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் காற்றில் ஓடும் துப்பாக்கி மாதிரி ஒரு சாமான் இருக்கிறது, டர்ரென்று ஒரு சத்தம், எப்பேர்ப்பட்ட நட்டும் வந்துவிடும். அங்கே போகலாம் என்றால், அவன் கை வைத்தால் மரை போய்விடும் என்கிறார். எல்லாம் தானே செய்ய வேண்டும். துணி காயப்போடுகிற பைப்பை அறுத்து ஸ்பேனர் பிடியில் செருகி நீளமாக்கினார், எண்ணெய் விட்டார், சூடு காட்டினார், சுத்தியால் தட்டினார். அசைவேனா என்றது. பைப்பை அழுத்தினால் அச்சும் கூடவே சுற்றுமாம், சுற்றாமலிருக்க யாராவது உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டுமாம். அந்த யாராவது நான்தான். இத்தனை வருடம் டிரைவர் சீட்டில் ஒரு நாள் உட்கார விடாத மனுஷன், இப்போது இறங்கவே விடவில்லை. மிதி என்றால் மிதிக்கிறேன், விடு என்றால் விடுகிறேன், நடுவில் மடியில் பட்டாணியை வைத்து உரிக்கிறேன். நிமிர்ந்தால் எதிரே நம் வீட்டுச் சுவர்தான். முழங்கால் வீங்கிவிட்டது, மூச்சு முட்டுகிறது, கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாமா என்றிருக்கும். அந்த நட்டு கழல்கிறதோ இல்லையோ எனக்குக் கழன்றுவிடும் போலிருந்தது.

போன வாரம் கடைக்குப் போனபோது லேத் பட்டறைக்காரர் எதிரே வந்தார். நான் செஞ்சு குடுத்த பட்டை உதவுச்சா அக்கா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு ஓட்டை போட்ட நீள இரும்புப் பட்டையாம், சக்கரத்து போல்ட் இரண்டில் மாட்டித் தரையில் முட்டுக்கொடுத்தால் அச்சு சுற்றாதாம், பிரேக்குக்கு ஆளே வேண்டாமாம். நீங்க கால் வலியோட உட்காந்திருக்கீங்கன்னுதான் அண்ணன்கிட்ட அன்னிக்கே குடுத்தேன் என்றார். வீட்டுக்கு வந்து தேடினேன். பின் சீட்டுக்கு அடியில், சாக்கில் சுற்றி, என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

கொண்டுபோய் அப்பாவின் காலடியில் போட்டேன். வாய்க்கு வந்தபடி கேட்டேன். கடைசியில் தலையைக் குனிந்தபடியே, "நீ போனா திரும்பி வருவியா?" என்றார். வராமல் எங்கே போவேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எத்தனையோ பொய் சொன்ன வாய்தானே. அந்தப் பொய்க்கு மட்டும் அது எழவில்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பட்டையை மாட்டி, பைப்பின் மேல் ஏறி முழுப் பாரத்தையும் போட்டார். டக்கென்று நட்டு விட்டுக்கொடுத்துவிட்டது. பேரிங்கும் மாற்றியாயிற்று. கார் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது, நாங்களும் சத்தமில்லாமல்தான் இருக்கிறோம். எனக்கு ஆத்திரமும் ஆறவில்லை, அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது.

நீ கனமானதைத் தூக்காதே, மாடிப்படியில் மெதுவாக இறங்கு, இடது பக்கம் ஒருக்களித்துப் படு. நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நீயும் பிள்ளையும் நூறு வருஷம் இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று. எனக்கு டிக்கெட் எடுக்கும்போது வருவதற்கு மட்டும் எடு. அப்பா கேட்டால், போக வர இரண்டுக்கும் எடுத்துவிட்டேன் என்று சொல்.

ஆசிகளுடன்,
உன் அம்மா