நாலு நாள் விருந்தாளி

பிப்ரவரி 6

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கு நலம். நீ கடிதம் போட்டு எத்தனை மாதம் ஆகிறது! பேனாவில் மை தீர்ந்ததா, அக்கா மேல் ஆசை தீர்ந்ததா?

என் மகளுக்கு ஏப்ரலில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாமியார் இல்லாத வீடு, நான்தான் கூட இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து மேற்பார்வையாளரிடம் சம்பளத்தோடு லீவு கேட்டேன். "புதுசா சேர்ந்தவங்களுக்கு அதெல்லாம் கிடையாதும்மா. அதுவும் உங்களுக்கு அரைநாள் வேலை" என்றார். சம்பளம் வேண்டாமென்று போனாலும், திரும்பி வரும்போது என் இடத்தில் வேறு ஆள் இருப்பாளாம்.

நான் புதுசாம்! உன் அத்தான் இறந்தபோது உன் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளை, பேசி வாங்கிக் கொடுத்த வேலை. அதற்குப் பிறகு இரண்டு மெஷின் தேய்ந்து தூக்கிப் போட்டாகிவிட்டது. நான் மட்டும் புதுசாகவே இருக்கிறேன்.

சலவைக்கூடத்துக்கு ஆள் எடுக்கும் கம்பெனியில் மாப்பிள்ளை பெரிய பொறுப்பில் இருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லச் சொல். பதினோரு மாதம் முடிந்தால் நாலு நாள் லீவு கொடுத்து உன்னிடம் அனுப்பி வைக்கிற கம்பெனி, இதற்கு மாட்டேன் என்றா சொல்லும்? ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை பஸ் ஸ்டாப்புக்கே வந்து பையை வாங்கிக்கொண்டு, "கம்பெனி குடுத்த லீவு, நல்லாத் தூங்குங்கக்கா" என்பாரே. அந்த மனசு யாருக்கு வரும்?

உன் அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

பாட்டியாகப் போகிற பெருமை கடிதத்திலேயே வழிகிறது. அவரிடம் சொன்னேன். "அக்காவுக்குன்னு தனியா ரூல் போட முடியுமா?" என்கிறார். நீ மனசு கஷ்டப்படாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துக்கொள்ளேன். உடம்பைக் கவனி.

உன் குட்டிம்மா

மார்ச் 5

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

என்னோடு வேலை செய்கிறவளை நாங்கள் வக்கீல் என்று கூப்பிடுவோம். சோப்புத் தண்ணீருக்குக்கூட நியாயம் கேட்பாள். அவள் என்னைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே இருந்த அதிகாரியம்மா சொன்னதைக் கேள்.

தற்காலிக ஆளோ அரைநாள் ஆளோ, ஒரு வருடம் விடாமல் உழைத்தால் அதற்குத் தகுந்த சம்பள லீவு உண்டாம். அந்த ஒரு வருடம் நிறையக் கூடாதென்றுதான் எங்களை நாலு நாள் வேலையிலிருந்து நீக்கி, புதிதாகச் சேர்ந்ததாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதைப் போய் லீவு என்று நினைத்து, மேற்பார்வையாளருக்கு வருடா வருடம் பழம் வாங்கிக் கொடுத்து நன்றி சொல்லியிருக்கிறேன். என்னை நீக்கியதற்கு நானே பழம் கொடுத்தேன், குட்டிம்மா!

இந்த ஏற்பாட்டுக்கு உத்தரவு போட்டவர் மாப்பிள்ளை. உத்தரவில் அவர் கையெழுத்தைப் பார்த்தேன். அவரைப் பற்றி உன்னிடம் ஒன்றும் பேசப் போவதில்லை.

போன தடவை உன் வீட்டுக்கு வந்த மறுநாளே, ஆஸ்பத்திரியில் விரிப்புகள் குவிந்துவிட்டன என்று மாப்பிள்ளை வேன் கொண்டுவந்து என்னை வேலைக்குக் கூட்டிப் போனார். "எங்கக்கா வந்து ஒரு நாளுகூட ஆகல" என்று நீ அவரோடு சண்டை போட்டாய். நீக்கின ஆளிடம் வேலை வாங்கினார்கள் என்று காட்டிவிட்டால், அந்த நீக்கமே செல்லாது என்கிறார் அதிகாரியம்மா. என் பெயர் அன்று பதிவில் இல்லை. சலவைக்கூடத்தில் பார்த்தவர்கள் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். நீ பார்த்ததை இரண்டு வரி எழுதிக் கொடு. நான் மகளிடம் போய்ச் சேர அது போதும்.

உன் அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதிக் கொடுத்தால் அவர் வேலை என்ன ஆகும்? அந்த நாள் எனக்குச் சரியாக ஞாபகமும் இல்லை. நீ லீவு போட்டுப் போ. அந்தச் சம்பளத்தை நான் தருகிறேன், வேலைக்கும் அவர் வேறு இடம் பார்ப்பார். வக்கீலோடு சேராதே. அந்த நாலு நாளும் நீ எத்தனை சந்தோஷமாக வருவாய்! அதைக் கெடுக்க வேண்டாமே என்றுதான் நான் உன்னிடம் எதுவும் சொல்லாமல் இருந்தேன்.

உன் குட்டிம்மா

மே 2

தங்கைக்கு,

பேத்தி பிறந்திருக்கிறாள். அந்த நேரம் நான் ஈர விரிப்புகளை மெஷினிலிருந்து உருவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரிதான் மகள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். "ஏம்மா, இத்தனை வருஷமா வேலை பாக்குற, ஒரு லீவு கேட்டு வாங்கத் தெரியலையா?" என்று மகள் போனில் கேட்டாள். வக்கீலை அவளுடைய நாலு நாளுக்குப் பிறகு கம்பெனி வேலைக்குத் திரும்பக் கூப்பிடவேயில்லை.

உன் பணம் வேண்டாம். நான் கேட்டது லீவு, பிச்சையில்லை.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் எனக்குப் பரிமாறியிருக்கிறாய். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோக்கா" என்றாயே, அப்போதும் உனக்குத் தெரியும். வருடத்தில் அந்த நாலு நாள்தான் எனக்குத் தாய்வீடு. ஏமாந்தது கம்பெனியிடம் மட்டும் என்றால் தாங்கியிருப்பேன்.

இந்த வருடத்து நாலு நாள் அடுத்த வாரம் வருகிறது. பேத்தியைப் பார்க்கப் போகிறேன். பஸ் உன் ஊர் வழியாகத்தான் போகும். நான் இறங்க மாட்டேன். ஸ்டாப்புக்கு அவரை அனுப்பாதே.

அக்கா