மஞ்சள் யானை

14 ஆகஸ்ட் 1983, ஞாயிறு

காலையில் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் வைத்து விற்ற என் பின்னல் பொம்மைகள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன. வீட்டுக்கு வந்து பின்னல் மெஷினைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். ஓரத்து ஊசி ஒன்றுக்கு நுனிக் கொக்கி இல்லை. முறிந்திருக்கிறது. காந்தம் வைத்துத் தரையெல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை மஞ்சள் யானையின் வயிற்றைப் பின்னும்போது அதே ஓரத்தில் ஒரு கண்ணி நழுவியது. இருந்த அவசரத்தில் ஊசியைப் பார்க்காமல், கண்ணியைக் கையால் எடுத்துத் தைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பின்னியதெல்லாம் சின்ன முயல்கள். அந்த ஊசி வரைக்கும் துணி போகவே இல்லை. அப்படியானால் கொக்கி யானைக்குள்தான் இருக்கிறது.

யானையை வாங்கியது ஸ்டெல்லா. அவள் பிள்ளைக்கு எட்டு மாதம், பல் முளைக்கிற நேரம். பூன் லேயில் இருக்கும் அவள் வீட்டுக்கு மூன்று தடவை போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. கோயிலிலிருந்து நேராக எல்லை தாண்டி ஜொகூருக்கு, மாமியார் வீட்டுக்குப் போவதாக அவள் சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அந்த நம்பர் என்னிடம் இல்லை.

"பஞ்சுக்குள்ள இருக்கும் லா, வெளிய வராது. நாளைக்குப் போய் வாங்கிக்கலாம், படு," என்றார் இவர். சொல்லிவிட்டுத் தூங்கியும் விட்டார்.

காலையில் யானையைக் கையில் கொடுத்ததுமே பிள்ளை தும்பிக்கையைக் கவ்வியது. ஸ்டெல்லா பிடுங்கப் போனாள். நான்தான் தடுத்தேன்.

"விடு லா, நல்லா கடிக்கட்டும். கண்ணுக்குக்கூட பட்டன் வைக்கல, நூல்தான். நானே பின்னினது."