படிக்காத மனு

ஜூன் 2, திங்கள்
பட்டாசுக்கு வெடிமருந்து அடைக்கும் ஃபில்லிங் அறை மாரித்தாய் மனு கொடுத்தாள். எண்ணிக்கைக்குக் கூலி என்கிற பீஸ் ரேட்டு வேண்டாமாம், நாள் சம்பளம் வேண்டுமாம். பீஸ் ரேட்டால் அவசரம், அவசரத்தால் வெடிவிபத்தாம். முதல் இரண்டு வரியோடு மடித்து மேஜைக்குள் போட்டேன். எல்லார் முன்னாலும், "யாரு எழுதிக் குடுத்தா?" என்று கேட்டேன். வெளியூர்ச் சங்கத்துக்காரர்கள் வேலைதான், சந்தேகமே இல்லை. விபத்துக்குக் காரணம் இவர்களுடைய அலட்சியம். உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னால் அதற்கே ஆயிரம் நொண்டிச் சாக்கு. போன வாரம்கூட இரண்டு பேருக்கு அபராதம் போட்டேன்.

ஜூன் 4
கம்பெனியில் பாதிப் பங்கு அண்ணனுக்கு. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்கிறான். சரிதான்.

ஜூன் 6
நாளை கருப்பம்மாள் லீவு. அவள் இடத்தில் நானே உட்கார்ந்து பூச்சட்டிக்கு மருந்து அடைக்கப்போகிறேன். நிதானமாகவும் செய்யலாம் என்று காட்டிவிட்டால் வாய் அடைபடும்.

ஜூன் 7, சனி
எழுதக் கூசுகிறது.

காலிச் சட்டி எடுக்க வெளியே போய் வரும்போதெல்லாம் ஒழுங்காகத் தகட்டைத் தொட்டேன். பத்து மணிக்கு மற்ற மூவரும் ஆளுக்கு முந்நூறு. நான் நூற்றெண்பது. எனக்கென்ன கூலியா குறையப்போகிறது? ஆனாலும் கை பரபரத்தது. தட்டை அணைத்துக்கொண்டு ஓடிவந்து உட்காரப்போனேன்.

"அம்மா, அப்படியே நில்லுங்க. செம்பத் தொடாம வந்துட்டீக."

மாரித்தாய் சத்தம்கூடப் போடவில்லை. எதிரே திறந்த மருந்து. உள்ளே மூன்று பெண்கள். திரும்பிப் போய்த் தொட்டுவிட்டு வந்தேன்.

எனக்கே இப்படியென்றால், இந்தக் கூலியில்தான் அடுப்பெரியும் என்றிருப்பவளுக்கு? அப்பாவுக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் கம்பெனி நடத்துகிறேன். ஒரு நாளாவது யோசித்தேனா? சீ.

ஜூன் 8
மனுவை இன்றுதான் படித்தேன். அவள் கையெழுத்தேதான். இந்தக் கம்பெனியில் மயிரிழையில் தப்பிய ஆறு சம்பவங்கள், தேதியோடு. ஒன்றுகூட எனக்குத் தெரியாது. வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

ஜூன் 9, திங்கள்
எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். இன்றிலிருந்து எல்லாருக்கும் நாள் சம்பளம். அண்ணன் போனில் கத்தினான், கத்தட்டும்.

மாரித்தாய் தனியாக வந்து, "மனுவ வாசிச்சுட்டுத்தான் சனிக்கிழம வந்து உக்காந்தீக, இல்லம்மா? அம்புட்டுப் பேரும் பெருமையாப் பேசுறாக" என்றாள்.

தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

ஜூன் 16
உற்பத்தி குறைந்திருக்கிறது. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அறைக்குள் யாரும் ஓடுவதுமில்லை.

இன்று மாரித்தாயைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். உன் வாயை அடைக்கத்தான் அன்றைக்கு வந்தேன் என்றேன்.

"அப்பக்கூட நீங்க அத வாசிக்கலையாக்கும்?"

இல்லை என்றேன்.